அப்பாடா

அன்புள்ள ஐயா,

பக்கவாதத்தில் ஆறு ஆண்டுகள் படுக்கையில் கிடந்த என் அம்மா சென்ற மாதம் காலமானார். கூடவே இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். மூச்சு நின்றதும் எனக்கு முதலில் வந்தது 'அப்பாடா'. அடுத்த நொடியே வயிற்றைப் பிசைந்துகொண்டு அழுகை. இன்றுவரை இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் அக்கா விழுந்து புரண்டு அழுதாள். அவளுக்குத் துக்கத்தைத் தவிர வேறெதுவும் இல்லையாம். பதினோராம் நாள் அம்மாவின் வாட்டர் பெட்டை வேறொரு நோயாளிக்குக் கொடுத்தேன். "அவ்வளவு அவசரமா உனக்கு?" என்று கத்திவிட்டாள். அவள் அழுகை எனக்கு நடிப்பாகத் தோன்றுகிறது. இல்லை, என் மனம்தான் கல்லா? மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது மேசைமேல் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் விரிந்து கிடந்தது. உடலில் வெளிப்பட்டுத் தெரியும் உணர்ச்சிகளை மெய்ப்பாடுகள் என்கிறது அது. எட்டு மெய்ப்பாடுகளில் கடைசியாக வரும் உவகைக்கு 'அல்லல் நீத்த' என்று ஓர் அடைமொழி இருக்கிறது. துன்பம் கலவாத மகிழ்ச்சி. ஒரு வாரமாக அந்த இரண்டு சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அல்லல் நீங்காத உவகையை எங்கே வைப்பது? ஆறு ஆண்டுகள் கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, தூக்கம் கெட்டவளின் 'அப்பாடா'வை எந்தப் பெயரால் அழைப்பது?

மருத்துவர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தூக்கமும் பசியும் கெட்டு நாளாகியிருந்தால் போய்ப் பாருங்கள். 'அப்பாடா' வந்ததற்காகப் போக வேண்டாம். கல் மனம் என்ற பேச்சே வேண்டாம்.

ஆனால் அக்காவின் அழுகையை நடிப்பு என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அதைச் சொல்ல நீங்கள் யார்?

மகிழ்ச்சியும் துயரமும் ஒரே கோட்டின் இரு முனைகள், ஒன்றிருக்கும்போது மற்றது இருக்க முடியாது என்று வாதிடும் உளவியலாளர்கள் உண்டு. அது சரிதானா என்று 2001இல் ஜெஃப் லார்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் பட்டம் பெறும் நாளில் கேட்டுப் பார்த்தார்கள். மகிழ்ச்சியும் வருத்தமும் ஒருசேர இருப்பதாகச் சொன்னவர்கள் சாதாரண நாளைவிட அன்று அதிகம். எல்லோரும் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். லார்சன் பிற்பாடு குழந்தைகளுக்குத் தந்தையும் மகளும் பிரியும் திரைக்காட்சி ஒன்றைக் காட்டினார். இரண்டும் கலந்து வந்ததாகச் சொன்னவர்கள் பெரும்பாலும் வயதில் மூத்த பிள்ளைகள். இதை வைத்து அக்காவைச் சிறுபிள்ளை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நான் என் அண்ணனுக்கு அந்த அநியாயத்தைச் செய்தவன்.

என் அம்மாவும் இரண்டு ஆண்டுகள் படுக்கையில் இருந்தாள். முதுகில் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு முறை புரட்டிவிட வேண்டும். கைப்பேசியில் பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அலாரம் வைத்திருந்தேன். தகனம் முடிந்த அன்று இரவும் இரண்டு மணிக்கு அது அடித்தது. எழுந்து போய் வெறும் கட்டிலில் கையை வைத்துவிட்டேன். எடுக்க முடியாமல் அழுதேன். அழும்போதே, இனி விடியும்வரை தூங்கலாம் என்ற நினைப்பு இனித்தது.

அண்ணன் சுடுகாட்டிலும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஐந்தாம் நாள் பேரனோடு விளையாடி வாய்விட்டுச் சிரித்தார். மூன்று மாதம் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் அம்மாவின் புடவைகளை எடுத்துக் கொடுக்க பீரோவைத் திறந்தோம். ஒரு சுங்கடிப் புடவையின் முந்தானையில் முடிச்சு. படுக்கையில் விழுவதற்கு முன் எப்போதோ முடிந்தது. அண்ணன் அவிழ்த்தார். இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பேரன் வந்து மடியில் ஏறினான். அவனைக்கூட அவருக்குத் தெரியவில்லை. விளக்கு வைக்கும் நேரம்வரை அழுதார். சிரித்த அன்று அவருக்குள் சிரிப்பு மட்டும் இருந்தது. அழுத அன்று அழுகை மட்டும். ஒன்று முழுதாக வந்து போன பிறகுதான் அவருக்கு இன்னொன்று. எனக்கு எல்லாம் ஒன்றாகவே வரும். ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் நாங்கள்.

உங்கள் அக்காவும் அப்படிப்பட்டவளாக இருக்கலாம். இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்த கை உங்களுடையது, அதனால் உங்களிடம் 'அப்பாடா' இருக்கிறது. அவளிடம் என்ன இருக்கிறது? வராமல் போன நாட்கள்தாம். ஏன் வரவில்லை என்ற கோபம் உங்களுக்கு இருந்தால், அதை நேருக்கு நேர் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

வாட்டர் பெட்டை உடனே கொடுத்தது நல்ல காரியம். எங்கள் வீட்டில் மனம் வராமல் பரணில் போட்டு வைத்தோம். ஓர் ஆண்டு கழித்து எதிர்வீட்டுப் பெரியவருக்குத் தேவைப்பட்டபோது இறக்கிப் பார்த்தால், மடிப்பு மடிப்பாக வெடித்திருந்தது.