விறாந்தை விளக்கும் வற்றாப்பளைக் கண்ணாடியும்

கேள்வி: எனக்கு வயது 70. ஊர் முரசுமோட்டை. இரணைமடுத் தண்ணீரில் நெல் விதைத்தவன். சென்ற காலபோகத்தோடு வயலை மகனிடம் ஒப்படைத்துவிட்டேன். வீட்டில் மாலை ஆறு மணிக்குப் போடும் தொலைக்காட்சி பத்து மணி வரை ஓடுகிறது. அந்தச் சத்தம் படலை வரை கேட்கும். எனக்கு அதில் நாட்டமில்லை. வாலிபத்தில் வாசிகசாலையே கதியென்று கிடந்தவன் என்பதால், புத்தகத்தோடு விறாந்தைக்கு வந்துவிடுகிறேன். ஆனால் நாலு பக்கம் தாண்டுவதில்லை. எழுத்து ஆடுகிறது, கண் எரிகிறது, தூங்கிவிடுகிறேன். மறுநாள் எடுத்தால் கதையில் யார் யாருக்கு என்ன உறவு என்பது மறந்துபோகிறது. போரின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் முழு நாவல் வாசித்தவன் நான். இன்று மின்விளக்கின் கீழ் முடியவில்லை. எட்டு வருடமாகச் சீனி வருத்தம் உண்டு. கண்ணாடி, வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனபோது கடையில் வாங்கியது. வாசித்தால் மறதி நோய் வராது என்கிறார் கனடாவில் இருக்கும் மகள். நான் ஒதுங்கிப் போகிறேன், முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்கிறார் மனைவி. எனக்கு இனித் தொலைக்காட்சிதானா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அங்கிருந்தே தொடங்குவோம்.

அந்த விளக்கின் சுடர் மின்மினி அளவுதான். ஆனால் அதை எங்கே வைத்திருந்தீர்கள்? புத்தகத்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில். இன்று உங்கள் விறாந்தை விளக்கு எங்கே இருக்கிறது? முகட்டுக்குக் கீழே, தலைக்கு மேலே, பெரும்பாலும் உங்கள் நிழலே தாளில் விழும்படி. வெளிச்சம் தூரத்தோடு மிக வேகமாகக் குறையும். இரண்டு மீற்றர் தூரத்தில் இருக்கும் விளக்கை அரை மீற்றருக்குக் கொண்டுவந்தால், தாளில் விழும் வெளிச்சம் நாலு மடங்கல்ல, 16 மடங்கு கூடும். அதோடு, அந்நாளில் உங்களுக்கு நாற்பது வயது. வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, உள்ளே இருக்கும் வில்லை பழுத்து மஞ்சளாகிறது. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே முதல் செலவு ஒரு மேசை விளக்கு. அது கதிரைக்குப் பக்கத்தில், தோளுக்குப் பின்னால் இருந்து தாளில் விழட்டும். முகத்துக்கு நேரே வேண்டாம். வற்றாப்பளை அம்மனுக்கு உப்புத் தண்ணீரில் விளக்கெரியும். நமக்கு அந்த வரம் இல்லை.

வற்றாப்பளை என்றதும் கண்ணாடி. திருவிழாக் கடையில் வாங்கும் கண்ணாடி கண்ணைக் கெடுத்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. கெடுக்காது; களைப்படைய வைக்கும். அதில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர். பலருக்கு இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருப்பதில்லை. சிலருக்குச் சாய்வுப் பார்வைக் குறையும் (அஸ்டிக்மாட்டிசம்) இருக்கும். அதை அந்தக் கண்ணாடி கவனிக்காது. இன்னொன்றையும் பாருங்கள். தூரப் பார்வை சரியாக உள்ள ஒருவர் 2.50 பவர் கண்ணாடி போட்டால் எழுத்து தெளியும் தூரம் 40 சென்ரிமீற்றர், அதாவது ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. 3.50 என்றால் ஒரு சாணும் நாலு விரலும் அளவுக்குத்தான். கடையில் பவர் கூடிய கண்ணாடி எழுத்தைப் பெரிதாகக் காட்டும். அதில் மயங்கி வாங்கிவந்து, வீட்டில் சாய்மனைக் கதிரையில் படுத்து வயிற்றின் மேல் புத்தகத்தை வைத்தால், எழுத்து ஆடாமல் என்ன செய்யும்?

எட்டு வருட நீரிழிவு என்பது எனக்குப் பெரிய விடயம். உங்கள் கடிதத்தில் அதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். இரத்தத்தில் சீனி ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லை ஊதிச் சுருங்கி, பார்வையும் கூடவே மாறும். அந்த நாட்களில் அளந்து செய்த கண்ணாடி அடுத்த மாதம் பொருந்தாது. முதலில் சீனியை ஒரு நிலைக்குக் கொண்டுவாருங்கள், பிறகு அளவெடுங்கள். நீரிழிவு விழித்திரையைத் தாக்கும்போது தொடக்கத்தில் வலியும் இல்லை, மங்கலும் இல்லை. ஆகையால் வருடம் ஒரு முறை துளி மருந்து விட்டு உள்ளே பார்க்க வேண்டும். அரச வைத்தியசாலையின் கண் கிளினிக்கில் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. அன்று மோட்டார் சைக்கிளை நீங்கள் ஓட்ட வேண்டாம். சில மணி நேரம் கூசும், மங்கும். மகனைக் கூட்டிச் செல்லுங்கள். வாசிக்கிற புத்தகத்தையும் கையோடு எடுத்துச் சென்று, எந்தத் தூரத்தில் பிடிப்பீர்கள் என்று காட்டுங்கள். அந்தத் தூரத்துக்குத்தான் கண்ணாடி வேண்டும்.

இரவில் ஏ-9 வீதியில் எதிரே வரும் வாகன வெளிச்சம் சிதறித் தெரிந்தால், கண்ணில் புரை வளர்ந்திருக்கக்கூடும். அதைச் சத்திரசிகிச்சை செய்து அகற்றலாம். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கதவு நிலையைப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணால் பாருங்கள். நேர்க்கோடு வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

கண் எரிவுக்குக் காரணம் வேறு. வாசிக்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. அதற்கு மேல் சோளகக் காற்றும், முகத்துக்கு நேரே மின்விசிறியும் என்றால் கண் காய்ந்துபோகும். விசிறியைத் திருப்பி வையுங்கள். பக்கம் திருப்பும்போதெல்லாம் ஒரு முறை கண்ணை இறுக மூடித் திறவுங்கள்.

தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி. வயல்காரர் நீங்கள், நாலரைக்கே எழும்புவீர்களே, ஏன் இரவு எட்டு மணிக்கு வாசிக்கிறீர்கள்? காலை ஆறரையிலிருந்து எட்டு வரை விறாந்தையில் விழும் வெளிச்சத்தை எந்த மின்விளக்கும் தராது. அந்த நேரம் வீட்டில் தொலைக்காட்சியும் ஓடாது.

மறதியைப் பற்றி அவ்வளவு யோசிக்க வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் வாசித்த நாலு பக்கம் யாருக்கும் நினைவில் நிற்காது. ஒரு துண்டுக் கடதாசியில் பாத்திரங்களின் பெயரையும் உறவையும் எழுதி, அதையே பக்க அடையாளமாக வையுங்கள். முதலில் சிறுகதைகள், ஒரே இருப்பில் முடிந்துவிடும். கதைப் பாத்திரங்களல்லாமல், பழகிய மனிதரின் பெயரும் தெரிந்த பாதையும் மறந்தால்தான் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

மகள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, முழுதும் இல்லை. இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டிய 3,662 பேரை வைத்துச் செய்து, 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் தொலைக்காட்சி பார்த்தவர்களின் சொல் நினைவாற்றல் ஆறு ஆண்டுகளில் மற்றவர்களை விடக் கூடுதலாகக் குறைந்திருந்தது. தொலைக்காட்சிதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. வாசித்தால் மறதி நோய் வராது என்று யாரும் உறுதி தர முடியாது. கசாயம் குடிப்பதுபோல் வாசிக்கிறவர் நெடுநாள் வாசிக்க மாட்டார். கதை பிடித்திருக்கிறது என்பதற்காகவே வாசியுங்கள். புத்தகமும் உங்களைக் கதிரையில்தான் இருத்துகிறது. அரை மணிக்கு ஒரு தடவை எழும்பி வளவைச் சுற்றி வாருங்கள்.

புத்தகத்துக்கு முதல் இடம் பிரதேச சபை நூலகம். வன்னியில் இடப்பெயர்வுகளில் புத்தகப் பெட்டியைக் கைவிட்டு வராத வீடு குறைவு. வாலிபத்தில் வாசித்தவற்றைத் தேடுகிறீர்கள் என்றால், 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை பக்கம் பக்கமாக வருடிய படங்கள். கைத்தொலைபேசியில் எழுத்து பொடியாகத் தெரியும். பேரப்பிள்ளையின் டப் (பலகைக் கணினி) இருந்தால் அதைக் குறுக்காகப் பிடித்து வாசியுங்கள். 1998இல் தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ என்ற இணைய நூல் தொகுப்பின் நூல்கள் பல தட்டச்சு செய்யப்பட்டவை என்பதால் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம்.

கடைசியாக உங்கள் மனைவி. தொலைக்காட்சிச் சத்தம் படலை வரை கேட்கிறது என்கிறீர்கள். நீங்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்கிறார் அவர். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறேன்: அம்மாவுக்குக் காது குறைந்திருக்கலாம். சில வேளை குறும்பி அடைத்திருந்தாலே அப்படி இருக்கும். எடுத்துவிட்டால் அன்றைக்கே கேட்கும். கண் கிளினிக்குக்குப் போகும் நாளில் அவரையும் கூட்டிச் சென்று காதைக் காட்டுங்கள். அதுவரை விறாந்தையிலிருந்து குரல் கொடுக்காமல், உள்ளே போய் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.