நகத்தளவு சில்லுக்கு முழுக் கல்லையும் மாற்றவா?

கேள்வி: கோபிச்செட்டிபாளையத்தில் புது வீட்டுச் சமையல் மேடைக்குக் கருப்பு கிரானைட் போட்டிருக்கிறோம். சிங்க் பக்கம், முன் விளிம்பில் குக்கர் இடித்து, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்துவிட்டது. மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "ஒட்டினா நிக்காதுங்க, கல்லையே மாத்திரலாம்" என்கிறார். வேறு வழி இல்லையா?

பதில்: இருக்குதுங்க அம்மணி. கல்லை மாற்றச் சொல்வது கல்லுக்காக இல்லை, கமிஷனுக்காக. பைபாஸ் ஓரக் கல் கடைகளில் மேஸ்திரி ஆளைக் கூட்டிவந்தால் சதுர அடிக்கு இவ்வளவு என்று அவருக்குத் தனியாகப் போகும், அந்தத் தொகை உங்கள் விலையிலேயே ஏறியிருக்கும். நகத்தளவு சில்லை ஒட்டிக்கொடுத்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? போதாததற்கு, பதித்த கல்லைப் பெயர்த்தால் சுவர் டைல்ஸ் வரிசையும் சேர்ந்து உடையும், சிங்க்கைக் கழற்ற வேண்டும், பிளம்பர் வர வேண்டும், ஒரு வாரம் சமையல் திண்ணையில்தான்.

முதலில் குப்பைக்கூடையைப் பாருங்கள். பெயர்ந்த துண்டு கிடைத்தால் அதையே ஒட்டுவதுபோல் வேறெதுவும் வராது. கிடைக்காவிட்டால் நிரப்ப வேண்டியதுதான். இரண்டு டியூபாக வரும் எபாக்ஸி பசை, ஆரல்டைட் மாதிரி, ஹார்டுவேர் கடையில் இருக்கும். தரைக்குப் போடும் கருப்பு ஆக்சைடு தூளும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். கல் கடைக்காரர்கள் டப்பாவில் வைத்திருக்கும் பாலியஸ்டர் பசை சீக்கிரம் இறுகும், ஆனால் சிங்க் ஓரத்தில் நாளெல்லாம் ஈரம் நிற்பதால் அங்கே எபாக்ஸிதான் தாங்கும். வெள்ளை சிமென்ட் பளபளப்பான கல்லில் பிடிக்காது, அதை வைத்து யார் அப்பினாலும் விடாதீர்கள்.

அந்த இடத்தை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணியால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைக்க வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டே பாட்டிலைத் திறங்கள். துணியில் கருப்பு ஒட்டிக்கொண்டு வந்தால், உங்களுக்குச் சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றி 'ஜெட் பிளாக்' என்று விற்றிருக்கிறார்கள். அப்படியானால் துடைப்பதைச் சில்லுக்குள்ளேயே நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சுற்றிலும் வெளுத்துவிடும். கடையில் போய்க் கேட்டால் கல் இயற்கை, நாங்கள் என்ன செய்ய என்பார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் உண்டுதான், ஆனால் கையில் பில் வேண்டுமே! "பில் வேணும்னா வரி தனி" என்று சொல்லித் துண்டுச்சீட்டில் எழுதிக்கொடுத்திருப்பார்கள், நாமும் மிச்சம் என்று வாங்கி வந்திருப்போம். சட்டம் ஒருபக்கம், சந்தை ஒருபக்கம்.

சரி, வேலைக்கு வருவோம். சில்லைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு டியூபிலும் சம அளவு எடுத்து, ஆக்சைடு ஒரு சிட்டிகை மட்டும் (அள்ளிப் போட்டால் பசை இறுகாது) கலந்து, மட்டத்துக்கு மேலே சற்று மேடாக நிரப்புங்கள். ஒரு நாள் தொடக்கூடாது. அப்புறம் புது பிளேடைச் சாய்த்துப் பிடித்து மேட்டை மெல்லச் சீவி எடுத்தால் போதும். உப்புத்தாள் தேய்க்காதீர்கள், கிரைண்டரை யாரிடமும் கொடுக்காதீர்கள், சுற்றியுள்ள பாலிஷ் போய்விட்டால் அது சில்லைவிட அசிங்கமாகத் தெரியும். சூடான சட்டியையும் அங்கே இறக்கக்கூடாது, பசை இளகும்.

இவ்வளவும் சில்லுக்குத்தான், விரிசலுக்கு இல்லை. இதை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். சிங்க்குக்காக வெட்டிய மூலையிலிருந்து ஒரு கோடு ஓடுகிறதா? மேலே தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள், மேடை காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகவே நின்றால் சந்தேகப்படலாம். கல்லிலேயே ஓடும் நரம்பும் கோடாகத்தான் தெரியும், ஆனால் நகத்தை ஓட்டினால் தட்டாது. நகம் தட்டினால் கேபினெட்டைத் திறந்து டார்ச் அடித்து அடிப்பக்கம் பாருங்கள். அங்கேயும் அதே கோடு இருந்தால் கல் பிளந்திருக்கிறது என்று அர்த்தம். சிங்க்குக்கு முன்னால் இருப்பது நாலு விரல் அகலப் பட்டைதான், கீழே தாங்கல் இல்லாமல் பசையை மட்டும் நம்பினால் தண்ணீர்க் குடம் வைக்கிற நாளில் காலில் விழும். அதற்குக் கல் வேலை தெரிந்த ஆளைக் கூப்பிட்டு, கீழே கடப்பாக் கல்லோ இரும்புச் சட்டமோ கொடுத்துத் தாங்கவைத்த பிறகுதான் பசை.

விளிம்பு கூராக இருந்தால் மறுபடி பெயரும். அந்த ஆள் வரும்போதே முன் விளிம்பை உருட்டித் தரச் சொல்லுங்கள். தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், காய்ந்த கல்லில் தேய்த்தால் கிளம்பும் தூசி நுரையீரலுக்கு ஆகாது.