சம்மாந்துறை எலியும் வாகரை எலியும்

கேள்வி: எங்கட வட்டையில (வயல்வெளியில) எலி கூடின போகத்தில வாகரைப் பக்கமும் எலித் தொல்லை என்கிறார்கள். அவ்வளவு தூரம் எலி நடந்தா போகுது?
- வாசகர், சம்மாந்துறை

பதில்: இல்லை. அங்குள்ளது அங்கு பிறந்த எலி. இரு ஊருக்கும் பொதுவானது மழைதான். வாடையோடு வரும் மாரிமழையை நம்பியே இரு பக்கமும் பெரும்போகம் விதைக்கிறார்கள். நெல் குடலைப் பருவத்துக்கு (கதிர் தண்டுக்குள் உருவாகும் பருவம்) வரும்போது எலி குட்டி போடத் தொடங்கும். சினைக்காலம் ஏறத்தாழ 3 கிழமை. தீனி நீடித்தால் ஈற்றும் கூடும். வெள்ளம் வளைகளை மூடினால் இரு பக்கமும் குறையும்.

இது எலிக்கு மட்டுமல்ல. கனடாவில் லிங்ஸ் என்னும் காட்டுப்பூனை ஏறத்தாழ 10 ஆண்டுக்கொருமுறை பெருகித் தேயும், அதுவும் தூரத் தூரப் பகுதிகளில் ஒன்றாக. அவுஸ்திரேலியப் புள்ளிவிபரவியலாளர் மொறான் 1953இல் இதற்குப் பொதுவான காலநிலையைக் காரணம் காட்டினார். அதில் ஒரு நிபந்தனை உண்டு: நெருக்கம் கூடும்போது பெருக்கம் குறைகிற விதம் இரு இடத்திலும் ஒன்றாயிருக்க வேண்டும். ஸ்கொட்லாந்தின் சென்ற் கில்டாவில் இரு தீவுகளின் செம்மறிகள் கடல் தாண்டிப் போவதில்லை. இருந்தும் கூடிக் குறைவதில் ஒத்துப்போகின்றன.

எல்லாவற்றையும் மழையின் தலையில் போடவும் முடியாது. நெல்லின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி உண்மையிலேயே பயணி. பயிர் முற்றி நெருக்கம் கூடினால் நீண்ட சிறகுள்ளவை உருவாகிக் காற்றோடு பறக்கும். இரைதேடி ஊரூராய்த் திரியும் வேட்டைப் பறவைகளும் பல இடங்களில் இரையை ஒரே காலத்தில் குறைக்கலாம்.

இரு ஊர் எலியும் ஒன்றாகக் கூடிக் குறைகிறதா என்று சரிபார்க்க: மாலையில் வரம்பிலுள்ள வளைகளைச் சேற்றால் அடையுங்கள், காலையில் திறந்திருப்பவற்றை மட்டும் எண்ணுங்கள். இரு ஊரிலும் பயிரின் வயது ஒன்றாயிருக்க வேண்டும். இங்கே குடலை, அங்கே அறுவடை என்றால் கணக்குப் பிழை. எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடாமல், போன பெரும்போகத்தைவிட எத்தனை மடங்கு என்று பாருங்கள். இல்லாவிட்டால் இரு ஊரிலும் வயல் பெருகியதுகூட ஒற்றுமைபோல் தெரியும். நாலைந்து போகக் கணக்கும் போதாது, தற்செயல் ஏமாற்றிவிடும்.

வாகரை எலிக்குப் பயப்பட வேண்டாம். பக்கத்து வரம்பு எலிதான் உங்களிடம் வரும். வட்டை முழுவதும் 2 கிழமைக்குள் விதைத்தால் எலிக்குத் தீனிக்காலம் குறுகும். வரம்பு 30 சென்ரிமீற்றருக்கு மேல் அகலமானால் வளை தோண்ட வசதி, செதுக்கிச் சிறிதாக்குங்கள்.