தொளதொளக்காத ரிஃப்: மெலோடிக் டெத் மெட்டல் ரிதம் கிட்டார் கேள்வி பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன். ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்துப் பாணி ரிதம் சத்தம், அதாவது ரிஃப் எனும் திரும்பத் திரும்ப வரும் துணுக்குகளை வாசிக்கும் கிட்டார் பற்றி மட்டும் இங்கே பேசுவோம். லீட், சோலோ வேறு நாள்.

கேள்வி: அண்ணா, கெயினை (சத்தத்தைக் கரகரப்பாக்கும் அளவை) முழுக்கத் திருப்பியும் அந்த ஸ்வீடன் சத்தம் வரவில்லை. பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை லேசாக அமுக்கி) அடித்தால் தொளதொளவென்று இருக்கிறது. கெயின் போதவில்லையா?

பதில்: கூடிப்போயிருக்கிறது, தம்பி. சி ட்யூனிங்கில் (வழக்கமான ஈ-யிலிருந்து சி வரை இறக்கிய சுருதியில்) உங்கள் ஆறாவது கம்பி கிட்டத்தட்ட 65 ஹெர்ட்ஸ். அவ்வளவு பாஸையும் (தாழ்ந்த அதிர்வெண் சத்தத்தையும்) அப்படியே ஆம்ப்பின் கெயினுக்குள் விட்டால், அது முதலில் நசுங்கி, மேலே இருக்கும் மற்ற சத்தத்தையும் சேர்த்துக் கலக்கிவிடும். பாஸை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வெட்ட வேண்டும். வேண்டிய கனத்தை அதற்குப் பின்னால், கேபிலும் (ஸ்பீக்கர் பெட்டி) ஈக்யூவிலும் (ஈக்வலைசர்) திரும்பச் சேர்க்க வேண்டும். இறுக்கம் என்று நாம் சொல்வதில் பாதி இந்த வரிசைதான்.

ஆம்ப்புக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலை வைப்பதும் இதற்காகத்தான். ட்ரைவ் பூஜ்யம், லெவல் முழுக்க, டோன் நடுவில். ட்ரைவ் பூஜ்யத்தில் இருந்தாலும் அந்தச் சர்க்யூட் மிட்டை (நடுத்தர அதிர்வெண்களை) பல மடங்கு உயர்த்தும். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக அந்த உயர்வு குறைந்துகொண்டே வரும். பீவி 5150 மாதிரி ஆம்ப்பில் இதைப் போட்டதும் பாம் மியூட் சட்டென்று நிற்பது காதிலேயே தெரியும்.

பிறகு கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பிக் கம்பியில் படும் அந்த ‘டக்’ தனியாகக் கேட்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். தனியாக வாசிக்கும்போது கெயின் பத்தாத மாதிரி இருக்கும். பரவாயில்லை, ட்ரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் சரியாகிவிடும்.

கேள்வி: ஆம்ப், பெடல் எதுவும் இல்லை. லேப்டாப்பும் ஒரு சின்ன இன்டர்ஃபேஸும்தான். முடியுமா?

பதில்: தாராளமாக. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற ஆம்ப் மென்பொருள் இலவசம். நல்ல 5150 கேப்சர்களும் (அந்த ஆம்ப்பின் சத்தத்தைப் பிடித்து வைத்த கோப்புகள்) இலவசமாகவே கிடைக்கின்றன. ஓவர்டிரைவ் ப்ளகின் இல்லையென்றால் ஆம்ப்புக்கு முன்னால் ஒரு ஈக்யூ போட்டு 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், பாதி வேலை முடிந்தது. இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ பட்டனை அழுத்த மறக்காதீர்கள். அது லைனில் இருந்தால் கிட்டார் மந்தமாகவே கேட்கும்.

ஆம்ப்பை விட அதிக நேரம் ஐ.ஆர். (ஸ்பீக்கர் பெட்டியும் மைக்கும் தரும் சத்தத்தைப் பிடித்து வைத்த கோப்பு) தேர்வுக்குக் கொடுங்கள். விண்டேஜ் 30 ஸ்பீக்கர் போட்ட நாலு-பன்னிரண்டு கேப் (12 அங்குல ஸ்பீக்கர் நாலு), எஸ்.எம்.57 மைக்: இதிலிருந்து தொடங்கலாம். கோதன்பர்க் சத்தத்தை உருவாக்கிய ஸ்டுடியோ ஃப்ரெட்மேன் பெயரிலேயே ஒரு மைக் முறை உண்டு: இரண்டு எஸ்.எம்.57, ஒன்று ஸ்பீக்கரை நேராகப் பார்க்கும், மற்றொன்று பக்கத்திலேயே சாய்வாக இருக்கும். ‘ஃப்ரெட்மேன்’ என்று பெயர் போட்ட ஐ.ஆர்.கள் இதைத்தான் குறிக்கின்றன.

கேள்வி: பாஸ் (Boss) நிறுவனத்தின் எச்.எம்-2 டிஸ்டார்ஷன் பெடல் வாங்கினால் போதும் என்கிறார்கள், உண்மையா?

பதில்: நாலு குமிழையும் முழுக்கத் திருப்பி வைக்கும் அந்த ரம்பச் சத்தம் ஸ்டாக்ஹோமின் அடையாளம். என்டூம்ட் குழு 1990-ல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் கேட்பது அதுதான். அதன் அழகே பரபரப்பும் அழுக்கும். வேகமான மெலடி ரிஃபில் ஒவ்வொரு நோட்டும் தெளிய வேண்டுமென்றால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஆசையாக இருந்தால் ஒரு ட்ராக்கில் மெல்லிசாக அடியில் கலந்து பாருங்கள். 2021-ல் பாஸ் நிறுவனமே வாசா வரிசையில் திரும்பக் கொண்டுவந்துவிட்டதால், பழையதற்கு அநியாய விலை கொடுக்கத் தேவையில்லை.

கேள்வி: ஒரு டேக்கைக் காப்பி செய்து இடமும் வலமும் வைத்தேன். அகலமாகவே இல்லையே?

பதில்: இருக்காது. அது அதே மோனோதான், சத்தம் மட்டும் கூடியிருக்கும். ஒன்றைச் சில மில்லிசெகண்ட் தள்ளி வைத்தால் மோனோவில் கேட்கும்போது ஓட்டை விழும். இரண்டு முறை தனித்தனியாக வாசிப்பதைத் தவிர வழியில்லை. நான்கு ட்ராக் ஆசை வேண்டாம். வேகமான ரிஃபில் நான்கும் ஒட்டாமல் குழம்பும்.

கேள்வி: இரண்டு கிட்டார் ஹார்மனியை ஒரே கிட்டாரில் தேர்ட் (மூன்றாம் ஸ்வர இடைவெளி) பிடித்து வாசித்தால் ஏன் அசிங்கமாக இருக்கிறது?

பதில்: நல்ல கேள்வி. ஒரே டிஸ்டார்ஷனுக்குள் இரண்டு நோட் போனால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதுப் புது அதிர்வுகள் பிறக்கும். ஃபிஃப்த் (ஐந்தாம் ஸ்வர இடைவெளி) என்றால் அவை பெரும்பாலும் நோட்டுகளோடு பொருந்திவிடும். பவர் கார்ட் கனமாகக் கேட்பது அதனால்தான். மேஜர் தேர்ட் நம் ஃப்ரெட்டில் தூய சுருதியை விட 14 சென்ட் (ஒரு ஃப்ரெட் இடைவெளி 100 சென்ட்) அளவு கூடுதலாக இருக்கிறது. சுத்தமான டோனில் அது உறுத்தாது. ஹை கெயினில் அந்தப் பிசிறு பெரிதாகிவிடும். அதனால் கீழ்க் குரலை ஒரு ட்ராக்கில், மேல் குரலை இன்னொரு ட்ராக்கில், தனித்தனி ஆம்ப்பில் வாசியுங்கள். இன் ஃப்ளேம்ஸ், டார்க் ட்ரான்குவிலிட்டி எல்லாம் இரண்டு கிட்டார்காரர்களோடு வளர்ந்த இசை என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: வாசிக்காத நேரத்தில் உஸ் என்று இரைச்சல். நாய்ஸ் கேட் (சத்தம் குறைந்ததும் வழியை மூடிவிடும் கருவி) போட்டால் நோட் பாதியில் அறுந்துவிடுகிறது.

பதில்: கேட் போடுவதற்கு முன் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் குறைந்தால் குற்றவாளி அதுவோ, எர்த் இல்லாத ப்ளக் பாயிண்டோதான். மானிட்டரை விட்டு விலகி, கிட்டாரைக் கொஞ்சம் திருப்பியும் பாருங்கள். மிச்சத்துக்குக் கேட்டை ஆம்ப்புக்கு முன்னால் வையுங்கள். இன்னொரு விஷயம், நட்டுக்கு (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பின்னாலும் ட்ரெமலோ ஸ்ப்ரிங்கிலும் ஒரு ரீங்காரம் ஓடும். ஸ்டாப் அடிக்கும் ரிஃபில் அது அசிங்கமாகத் தெரியும். நட்டில் ஒரு ஹேர் பேண்ட், ஸ்ப்ரிங்குக்கு அடியில் துண்டு ஸ்பாஞ்ச், அவ்வளவுதான்.

கேள்வி: மிட்டைப் பூஜ்யத்தில் வைத்தால் ரூமில் பிரமாதமாக இருக்கிறது. பேண்டோடு வாசித்தால் கிட்டாரே கேட்பதில்லை.

பதில்: மிட்டை ஏற்றுங்கள்.

கேள்வி: இதெல்லாம் செய்தாகிவிட்டது சார், இன்னும் இறுக்கம் வரவில்லை.

பதில்: அப்படியென்றால் கையைப் பார்க்க வேண்டும். வலது உள்ளங்கை ஓரம் பிரிட்ஜ் சேடில் மேலேயே இருக்க வேண்டும். அரை அங்குலம் முன்னால் நகர்ந்தால் நோட் செத்துவிடும், பின்னால் போனால் மியூட்டே ஆகாது. பிக் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆறாவது கம்பியின் கேஜ் (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) 46 என்றால் சி ட்யூனிங்கில் அது துணி உலர்த்தும் கொடி மாதிரி தொங்கும். 54, 56 போடுங்கள், போட்ட பின் இன்டனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருக்கிறதா என்று) சரிபாருங்கள். ட்யூனரில் கம்பியை மெதுவாகத் தட்டாமல், ரிஃபில் அடிக்கிற அதே பலத்தில் அடித்துச் சுருதி சேருங்கள், ஏனென்றால் பலமாக அடித்தால் சுருதி சற்று ஏறும்.

அப்புறம் டிஸ்டார்ஷனை அணைத்துவிட்டு, கிளீன் டோனில் மெட்ரோனோமோடு அதே ரிஃபை வாசியுங்கள். டவுன் ஸ்ட்ரோக்கும் அப் ஸ்ட்ரோக்கும் ஒரே பலத்தில் விழுகிறதா என்று அங்கேதான் தெரியும்.

கேள்வி: ஏழு கம்பி கிட்டார் வாங்கலாமா?

பதில்: இந்தப் பாணிக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல செட்டப் செய்துகொண்டு, மிச்சத்துக்கு 56 கேஜ் கம்பிப் பாக்கெட் நாலு வாங்கி வையுங்கள்.