ஒரே மழையில் ஒரு கோதுமை சாய்கிறது, இன்னொன்று நிற்கிறது. ஏன்?

மார்ச் மழைக்காற்றில் டெல்லியைச் சுற்றியுள்ள வயல்களில் சில கோதுமை ரகங்கள் மட்டும் படுத்துவிடுவது மரபணுவாலா, உரத்தாலா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான்.

நம் ஊரில் தழைச்சத்து கூடிப்போன நெல் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். பழைய நெட்டைக் கோதுமையும் அப்படித்தான். யூரியா போட்டால் கதிர் கனக்கும், தண்டு தாங்காது. இதற்கு வழிகாட்டியது ஜப்பானின் நோரின் 10 என்ற குட்டைக் கோதுமை ரகம். அதன் 4பி, 4டி குரோமோசோம்களில் செடியைக் குட்டையாக்கும் இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. சாதாரணச் செடியில் டெல்லா என்ற புரதம் வளர்ச்சிக்கு பிரேக் போட்டு வைத்திருக்கும். ஜிப்ரலின் ஹார்மோன் வந்ததும் அது சிதைந்து தண்டு நீளும். குட்டை ரகத்தில் அந்தப் புரதம் சற்றே மாறியிருப்பதால் ஜிப்ரலின் வந்தாலும் சிதையாது. தண்டு குட்டையாகவே நிற்கும், மிச்சமாகும் சத்து கதிருக்குப் போகும். எத்தனை அழகான ஏற்பாடு!

கரோல் பாக் தமிழர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா வளாகத்தில்தான், 1960களில் எம்.எஸ்.சுவாமிநாதன் குழு, அமெரிக்க வேளாண் விஞ்ஞானி போர்லாக் நோரின் 10-இன் மரபணுக்களைச் சேர்த்து மெக்சிகோவில் உருவாக்கிய குட்டை ரகங்களைச் சோதித்தது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அப்புறம், குட்டையாக இருந்தால் மட்டும் போதாது. தண்டின் தடிமனும் வேர்ப்பிடிப்பும் வேண்டும். நனைந்த மண்ணில் தண்டு ஒடியாமல் வேரோடு சாய்வதும் உண்டு. இந்தக் குணங்களைப் பல சிறு மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதனால்தான் இரண்டு குட்டை ரகங்கள்கூட ஒரே மாதிரி நிற்பதில்லை.