நடுவில் இறங்கி அடுத்த துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்கலாமா?

கேள்வி: நானும் என் மனைவியும் பார்சிலோனாவில் ஏறி, மத்தியதரைக் கடலில் ஒரு வாரம் குரூஸ் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு ரோமுக்கான துறைமுகமான சிவிட்டாவெக்கியாவுக்குக் கப்பல் வருகிறது. மாலை 7 மணிக்குக் கிளம்பிவிடும். மறுநாள் இரவு 7 மணி வரை லிவோர்னோ, அதற்கடுத்து மார்செய். கூரை ஓவியங்களுக்குப் பெயர்போன சிஸ்டைன் சேப்பலைப் பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. ஆனால் அதற்குள் போக வழியான வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறையாம். அன்றிரவு ரோமிலேயே தங்கி, திங்கள் காலை பார்த்துவிட்டு, ரயிலில் லிவோர்னோ போய் ஏறிக்கொள்ளலாமா? டிராவல் ஏஜென்ட், "அதையெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க, நீங்க போயிட்டு வாங்க சார்" என்கிறார்.

– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: போகலாம் ஐயா. ஆனால் கப்பல் நிறுவனத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். உங்கள் ஏஜென்ட் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து கேட்காதீர்கள்.

கப்பலை விட்டு இறங்கும்போது வாசலில் உங்கள் கேபின் கார்டை மெஷினில் காட்டச் சொல்வார்கள். பக்கத்துத் திரையில் உங்கள் படம் வரும், காவலர் முகத்தைப் பார்த்து அனுப்புவார். திரும்பி ஏறும்போதும் அதேதான். அதனால் கிளம்பும் நேரத்தில் யார் யார் வரவில்லை என்பது பெயரோடு அவர்கள் கையில் இருக்கும். கேபினுக்குப் போன் போகும், ஒலிபெருக்கியில் உங்கள் பெயர் கேட்கும். அப்போதும் வரவில்லை என்றால் அறையைத் திறந்து, லாக்கரில் இருக்கும் பாஸ்போர்ட்டை எடுத்து, கரையில் கப்பல் நிறுவனத்தின் வேலைகளைக் கவனிக்கும் போர்ட் ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். நீங்கள் ரோமில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். கணக்குப்படி காணாமல் போன இருவர் ஆகியிருப்பீர்கள்.

இந்தக் கணக்கு வெறும் சம்பிரதாயம் இல்லை. 2012 ஜனவரி 13 மாலை, நீங்கள் இறங்கப்போகும் அதே சிவிட்டாவெக்கியாவிலிருந்து புறப்பட்ட கோஸ்டா கான்கார்டியா, அன்றிரவே ஜிக்லியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. கப்பலில் 4,200 பேருக்கு மேல் இருந்தார்கள். 32 பேர் இறந்துபோனார்கள். அடுத்தடுத்த நாட்களில் காணாதவர்கள் எண்ணிக்கை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பட்டியலில் இருந்த ஒரு பெண்மணி உயிரோடு ஜெர்மனிக்குத் திரும்பியிருந்தது பிறகுதான் தெரிந்தது. கப்பலில் இல்லாத ஒருவரைத் தேடி மீட்புப் படையினர் தண்ணீருக்குள் இறங்குவது எவ்வளவு பெரிய கொடுமை! அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே கப்பல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். முன்பதிவு எண், இருவர் பெயர், எந்தத் தேதியில் எங்கே இறங்குகிறீர்கள், எங்கே திரும்ப ஏறுகிறீர்கள் என்பது போதும். கப்பலில் ஏறிய முதல் நாளே ரிசப்ஷனில் பதில் கடிதத்தைக் காட்டி, அவர்கள் கணக்கிலும் ஏற்றச் சொல்லுங்கள். இது அவர்களுக்குப் புதிதல்ல. உலகம் சுற்றும் கப்பல்களில் மும்பையில் இறங்கி, ஆக்ரா போய் தாஜ்மஹாலைப் பார்த்துவிட்டு, கொச்சியில் ஏறிக்கொள்ளும் சுற்றுலாவைக் கப்பல்காரர்களே விற்றிருக்கிறார்கள்.

உங்களுக்குச் சாதகமான விஷயம், இரண்டு துறைமுகமும் இத்தாலியில்தான் இருக்கின்றன. ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் என்று போகிற மூன்று நாடுகளுமே ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகள் என்பதால், ஒரு ராத்திரி கரையில் தங்குவதால் விசாவுக்குச் சிக்கல் வராது. துருக்கியோ துனிசியாவோ நடுவில் வந்தால் கதை வேறு. அமெரிக்காவில் இன்னும் கடினம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல்கள் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னொன்றில் இறக்கிவிடுவதைக் கட்டுப்படுத்தும் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அலாஸ்காவின் ஜூனோ மாதிரி ஊருக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது, அங்கிருந்து தரைவழியாகப் போய்க் கப்பலைப் பிடிக்க முடியாது.

அடுத்தது பாஸ்போர்ட். சில கப்பல்களில் இந்தியர்களின் பாஸ்போர்ட்டை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படி வாங்கியிருந்தால் சனிக்கிழமை இரவே கேட்டு வாங்கிவிடுங்கள். இத்தாலியில் தங்குபவர்களின் விவரத்தை ஹோட்டல்காரர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். கேபின் கார்டையும் ஜெராக்ஸையும் நம்பிப் போனால் ராத்திரியில் அறை கிடைக்காமல் அலைய வேண்டியிருக்கும்.

ரோம் போகும் ரயிலில் நகரின் பெரிய நிலையமான டெர்மினி வரை போகாமல் சான் பியேத்ரோ நிலையத்திலேயே இறங்குங்கள். புனித பேதுரு பேராலயம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். போப் ரோமில் இருந்தால் ஞாயிறு நண்பகல் 12 மணிக்கு ஜன்னலில் வந்து ஜெபம் சொல்லி ஆசி கொடுப்பார். உங்கள் மனைவிக்கு அதுவும் கிடைக்கட்டும். மாதத்தின் கடைசி ஞாயிறாக இருந்தால் அருங்காட்சியகமும் மதியம் வரை இலவசமாகத் திறந்திருக்கும். ஆனால் கூட்டம் தாங்காது, முதல் தடவை பார்ப்பவர்களுக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். திங்கள் காலை முதல் நேரத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள். எத்தனையோ அறைகளைக் கடந்துதான் சேப்பலுக்கு வந்து சேர முடியும். உள்ளே போனதும் பேச்சை நிறுத்தி, ஓரத்துப் பெஞ்சில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து, கழுத்து வலிக்கும்வரை மேலே பாருங்கள். 11 மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும்.

டெர்மினியிலிருந்து லிவோர்னோவுக்கு நேர் ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். கப்பல் 7 மணிக்கு என்றால், நீங்கள் 4 மணிக்குள் லிவோர்னோவில் இருக்கிற மாதிரி ரயிலைத் தேர்ந்தெடுங்கள். புறப்படுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே ஏறச் சொல்லிவிடுவார்கள். லிவோர்னோ கன்டெய்னர் லாரிகள் ஓடும் சரக்குத் துறைமுகம், உள்ளே நடந்து போக விட மாட்டார்கள். நிலையத்திலிருந்து டாக்சி எடுத்து, கப்பலின் ஷட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் போங்கள். ஒன்றை மட்டும் இழப்பீர்கள்: பைசா கோபுரம். அது லிவோர்னோவுக்கு அப்பால் இருப்பதால் ரயில் ஜன்னலில்கூடத் தெரியாது. நெடுநாள் ஆசைக்கு முன்னால் அதை விட்டுக்கொடுக்கலாம் என்பேன்.

இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். முந்தைய வாரம் பார்த்து, அந்தத் திங்கள் அப்படி அமைந்தால் திட்டத்தைக் கைவிட்டுவிடுங்கள். காற்று பலமாக இருந்து கேப்டன் லிவோர்னோவையே தவிர்த்துவிட்டால், ஜெனோவா, வென்டிமிலியா, நீஸ் வழியாக ரயில் மாறி மாறி மார்செய்க்கு நீங்களே போய்ச் சேர வேண்டும். செலவு உங்களுடையது. ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு மருத்துவச் செலவுக்குத்தான். கப்பலைத் தவறவிட்டதற்குப் பணம் கேட்க வேண்டுமானால் பாலிசியில் அது தனியாகச் சேர்ந்திருக்க வேண்டும்.

இருவருக்கும் மூன்று நாள் மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் ஏஜென்டின் எண் கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் இருக்கும். போனில் மட்டுமில்லாமல் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பதில் வரும்வரை ரோமில் ரத்து செய்ய முடியாத அறை எதற்கும் பணம் கட்டாதீர்கள்.