மாத்திரை அட்டையும் பால் பவுடர் டின்னும்: வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கேள்வி: ஏழு மாத கர்ப்பம். இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் நாலு மாத்திரை வெட்டிக் கொடுத்தார்கள். "பாரசிட்டமால்தான்" என்றார்கள். அட்டையில் அதோடு இன்னொரு பெயரும் இருக்கிறது. போடலாமா?

அந்த இன்னொரு பெயரைப் படியுங்கள். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நிமசுலைடு இவற்றில் ஒன்றாக இருந்தால் போடாதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை மாத்திரைகள் சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். ஏழு மாதம் தாண்டினால் இன்னொரு ஆபத்தும் உண்டு: பிறந்த பிறகு மூட வேண்டிய, இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாய் வயிற்றுக்குள்ளேயே சுருங்கலாம். ஏற்கெனவே ஒன்று போட்டிருந்தால் பதற வேண்டாம். மேற்கொண்டு போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பாரசிட்டமால் 500 மி.கி. தனியாக இருந்தால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, குறைந்தது 4 முதல் 6 மணி நேர இடைவெளியில் போடலாம். எவ்வளவு குறைந்த நாளோ அவ்வளவு நல்லது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வலி விட்டுவிட்டு வந்தாலோ, வயிறு இறுகினாலோ, நீரோ ரத்தமோ கசிந்தாலோ மாத்திரை தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

காலாவதித் தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். கத்தரிக்கோலால் வெட்டித் தரும்போது அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிடுகிறது. முழு அட்டையாக, பில்லோடு வாங்குங்கள். வலிப்பு, தைராய்டு, ரத்த அழுத்தம் இவற்றுக்கு மருத்துவர் எழுதியதையும், அவரே எழுதிய குறைந்த அளவு ஆஸ்பிரினையும் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: குழந்தை பிறந்து மூன்று நாள். தையல் வலிக்கு மனைவி இபுபுரூஃபன் சாப்பிடுகிறாள். "பாலும் போதவில்லை, மாத்திரை வேறு, டின் வாங்கு" என்கிறார்கள். எந்தக் கம்பெனி நல்லது?

மாத்திரைக்காக டின் வாங்க வேண்டியதே இல்லை. கர்ப்பத்தில் ஆகாத அதே இபுபுரூஃபன் தாய்ப்பாலில் மிக மிகக் குறைவாகவே கலக்கிறது. கோடீன், டிராமடால் கலந்த வலி மாத்திரை என்றால் மட்டும் மருத்துவரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பால் போதவில்லை என்பதையும் சரிபாருங்கள். முதல் நாட்களில் சீம்பால் கொஞ்சம்தான் சுரக்கும். மூன்றாம் நாளை ஒட்டித்தான் பால் கட்டும். ஒரு நாளில் 8 முதல் 12 முறை மார்பில் போட வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து ஆறு முறையாவது சிறுநீர் போனால் கவலை இல்லை. பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, குழந்தை துவண்டு பால் குடிக்க எழாமல் போனாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இடையில் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம்.

மருத்துவரே பவுடர் பால் சொன்னால் கம்பெனியைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். அடிப்படைச் சத்துகளின் அளவை விதிகளே வரையறுக்கின்றன. பிறந்தது முதல் 6 மாதம் வரைக்கானதுதானா, ஐஎஸ்ஐ முத்திரை உண்டா, தேதி சரியா, டின் நசுங்காமல் இருக்கிறதா, இவ்வளவு போதும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி டின்னில் குழந்தைப் படம் போடக்கூடாது. தாய்மாருக்கு இலவச சாம்பிளும் தரக்கூடாது. யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

தவறு நடப்பது கலக்கும்போதுதான். பவுடரில் கிருமி இருக்கலாம், அதனால் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கினால் அரை மணிக்குள் கலந்துவிடுங்கள். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, பிறகு பவுடர். டின்னுக்குள் இருக்கும் கரண்டியை அழுத்தி நிரப்பாமல் மேலே தட்டையாக வழித்துவிடுங்கள். பல டின்களில் 30 மி.லி.க்கு ஒரு கரண்டி. உங்கள் டின்னில் போட்டிருப்பதுதான் கணக்கு. டின் சீக்கிரம் தீர்கிறதே என்று தண்ணீரைக் கூட்டினால் குழந்தை எடை ஏறாது. கெட்டியாக்கினால் உடலில் நீர் வற்றும். கலந்த பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காததையும், குடித்து மீந்ததையும் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: எந்த பாட்டில் வாங்கலாம்?

பாட்டிலே வேண்டாம், எவர்சில்வர் பாலாடை (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) வாங்குங்கள். நிப்பிளில் தங்கும் அழுக்கு அதில் தங்காது. சோப்பு போட்டுக் கழுவி, முழுகும் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். குழந்தையைச் சாய்த்து நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக் கொடுங்கள். விழுங்கிய பிறகே அடுத்த மடக்கு. வாய்க்குள் ஊற்றினால் புரையேறும்.